கொச்சிக்குப் போன வண்டியும் கல்யாண வேட்டிகளும்

போன வாரம் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க நம் மதுரை விமான நிலையத்துக்கு வந்திருந்தேன். விசாரணை மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெரியவர் வந்து, "மதுரையிலேருந்து கொச்சிக்கு எம்புட்டுத் தூரம், எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டார். மேசையிலிருந்த சின்னப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, "நெக்ஸ்ட்" என்றாள். கெட்டிக்காரிதான், கணக்கில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்த நாற்காலியில் வாய் வலிக்கிற அளவுக்கு இதே கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். அதனால் அந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நானே எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

தூரம் லேசான சங்கதி. இரண்டு விமானத் தளங்களுக்கு நடுவே தேசப்படத்தில் ஒரு நூலைப் பிடித்தால் வந்துவிடும். நேரம் அப்படிப்பட்டதில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. முகமே பார்த்திராத ஓர் அக்காவும், சின்னமனூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டமும்தான். அவர்களை நினைக்காமல் நான் ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

யுத்த காலம் அது. போடிக்குப் போன ரயில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, மேடு வந்தால் இருமி இருமி நின்றன. தேனியிலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்வதைப் பார்த்தால் காசிக்குப் போகிறார்களோ என்று தோன்றும். அந்தச் சமயத்தில்தான் சின்னமனூருக்கு வெளியே, ஓடைப்பட்டிப் பாதையில் ஒரு மேட்டின்மேல் தகரக் கொட்டகை போட்டு டெலிபோன் வைத்தார்கள். தலைக்கு மேலே எந்த விமானம் போனாலும் மதுரைத் தளத்துக்குச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது நான் அகப்பட்டேன்.

எங்கள் அப்பா தேனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்தவர். "கொண்டியும் கீலும் விக்கிறவன் மக, மேட்டுல உக்காந்து வானத்தப் பாக்கப் போறாளாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் முதல் நாள் கூடவே வந்து, கொட்டகைக் கதவுக்குத் தன் கடைத் தாழ்ப்பாளைத் தானே பொருத்திவிட்டுத்தான் போனார். கொட்டகையில் என்னோடு இருந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார். பாதி நாள் மண்ணெண்ணெய்க்கு அலையவே அவருக்குச் சரியாக இருந்தது.

மதுரையில் போனை எடுப்பவர் ஓர் அக்கா. போனில் யாரும் பெயர் சொல்லக்கூடாது என்று உத்தரவு. அவருக்கு நான் "சின்னமனூர்", எனக்கு அவர் "அக்கா". முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வியே, "அங்கன காத்து எப்படிம்மா?" என்பதுதான். குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "நல்லா சிலுசிலுன்னு இருக்குக்கா" என்றேன்.

"விசிறிவிட ஆளு வேணுமான்னா கேட்டேன்? வெளிய போயி நில்லு. உன் முந்தானை எந்தப் பக்கம் பறக்குது, கையில புடிச்சா நிக்கிதா, புடுங்கிக்கிட்டுப் போகுதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொச்சிக்கு எத்தனை மைல்னு படத்துலயே இருக்கேக்கா. மைல் தெரிஞ்சா நேரம் தெரிஞ்சு போகுமில்ல?" என்றேன்.

"கொச்சியும் நகரல, மதுரையும் நகரல. நடுவுல உங்க ஊருக் காத்துதான் நகருது. ஆனி ஆடியில அது எதுக்க நின்னு தள்ளும். காத்து எம்புட்டுத் தள்ளுதோ, அம்புட்டு நேரம் கூட ஆகும், அம்புட்டு எண்ணெய் கூட வேணும். போ, போயிப் பாத்துட்டு வா" என்றார். போய் நின்றேன். அதற்குப் பிறகு தினமும் நின்றேன். வயலுக்குப் போகிறவர்கள், முந்தானையைப் பறக்கவிட்டு வேடிக்கை பார்க்கும் வேதக்காரப் பொண்ணு என்று எனக்குப் பட்டமே கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள்.

ஒருநாள், ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். ஹவில்தார் வழக்கம்போல மண்ணெண்ணெய்க்காகத் தேனிக்குப் போயிருந்தார். காலையில், "முந்தானை புடுங்கிக்கிட்டுப் போகுதுக்கா, கம்பம் பக்கமிருந்து அடிக்குது, சாரலும் இருக்கு" என்று சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். "விமானிகிட்டச் சொல்லிட்டேன். மேகம் மூடுறதுக்குள்ள மலையத் தாண்டிருவேங்கிறாரு. ஒரு சின்ன வண்டி கொச்சிக்குக் கிளம்புது. கொஞ்சம் கவனமாப் பாத்துக்கம்மா" என்றார். விமானத்தை நாங்கள் வண்டி என்றுதான் சொல்வோம்.

அந்தச் சின்ன வண்டி எங்கள் தலைக்கு மேலே வந்தபோது எனக்கே பாவமாக இருந்தது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது, வண்டி நகர்கிற வழியாக இல்லை. கீழே பாதையில் போன மாட்டு வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கூடப் பந்தயம் கட்டுவானா கேளு தாயி" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊர்ந்து ஊர்ந்து போய்க் குமுளி மலைமேல் இருந்த மேகத்துக்குள் அது மறைந்தது. போனில் சொன்னேன். அக்கா சரி என்றார்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு மறுபடியும் மணி அடித்தது. "கொச்சியில இன்னும் எறங்கலம்மா" என்றார் அக்கா. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கே இரைச்சல் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். காலையில் போன அதே வண்டி மேகத்தைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த முறை சத்தம் சீராக இல்லை. விக்கல் எடுப்பது மாதிரி விட்டுவிட்டு வந்தது.

"அக்கா, வண்டி இங்கன வந்துருச்சு. சத்தம் விக்குது, சுத்திச் சுத்தி வருது."

"மேகத்துல வழி தேடியே எண்ணெயக் கரைச்சுட்டாரு போல. மதுரைக்கு வர்றதுக்குப் பத்தாது. எறங்க எடம் தேடுறாரு. அங்கன பொட்டல் ஏதாச்சும் இருக்கா?"

"மேட்டுக்குக் கீழயே இருக்குக்கா. ஆனா கிழக்குக் கோடியில ஓடை. ஆளு முங்குற பள்ளம்."

"மேக்க?"

"வெட்டவெளிதான்."

"அப்ப நல்லாக் கேட்டுக்க. காத்தை எதுத்து, மேக்க பாத்து எறங்கினா வண்டி சீக்கிரம் நின்னுரும். காத்து முதுகுல தள்ள எறங்கினா நிக்காது, ஓடைக்குள்ளதான் போகும். வெள்ளைத் துணியில நீளமா ஒரு வரி போடு. அது தலப்புல குறுக்க ஒரு வரி. குறுக்கு வரி காத்து வர்ற பக்கம் இருக்கணும். அந்த வண்டியில ரேடியோ இல்ல, அதப் பாத்தாத்தான் எந்தத் திக்குல எறங்கணும்னு அவருக்குப் புரிஞ்சிரும். வண்டியில ரெண்டு பேரு இருக்காக. ஓடு."

கொட்டகையில் வெள்ளைத் துணி என்று இருந்தது என் கைக்குட்டை ஒன்றுதான். ஆனால் பொட்டல் ஓரத்தில் கல்யாணப் பந்தல் இருந்தது. முதல் பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் முகூர்த்தத்துக்கு உடுத்திய புது வேட்டியில் பளபளவென்று இருந்தார்கள். மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி, மூச்சு வாங்க நான் கத்தினேன்: "ஐயா, எல்லாரும் வேட்டியக் கழட்டுங்க!"

"ஏ ஆத்தா, என்ன சொல்லுது இந்தப் புள்ள?" என்றது ஒரு கிழவியின் குரல். மாப்பிள்ளையின் தாய்மாமன், மீசையை முறுக்கியே பழகிய ஆள், எழுந்து நின்று, "ஏலே, வேதக்காரப் பொண்ணுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுடா" என்றார்.

நான் வானத்தைக் காட்டினேன். விக்கிக்கொண்டே வண்டி பந்தலுக்கு மேலே போனது. அதில் இரண்டு உயிர் இருக்கிறது, இறங்குவதற்கு அடையாளம் விரிக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்குள்ளும் ஒருவர், "அப்பப் பொண்ணு வீட்டுக்காரவுக மொதல்ல கழட்டட்டும்" என்றார் பாருங்கள்! "நாங்க எதுக்குய்யா மொதல்ல?" என்று அந்தப் பக்கம் ஒரு குரல். மாப்பிள்ளைதான் கழுத்து மாலையோடு எழுந்து, பேசாமல் தன் வேட்டியை உருவி என் கையில் கொடுத்தார். உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்தார், புண்ணியவான். அதற்கப்புறம் வேட்டிகள் மளமளவென்று வந்து விழுந்தன.

நீள வரி எங்கே, குறுக்கு வரி எங்கே என்று கையைக் காட்டிச் சொன்னேன். "குறுக்கு வரி கம்பம் பக்கம், தென்மேக்க. காத்து தூக்கிராம ஆளுக்கொரு மூலையில உக்காந்துக்கங்க. வண்டி பக்கத்துலதான் எறங்கும், பயப்படாதீக. நான் சொல்லாம யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, லைனைப் பிடிக்க மேட்டுக்கு ஓடினேன்.

"போட்டாச்சுக்கா."

"குறுக்கு வரி எந்தப் பக்கம் இருக்கு? கண்ணால பாத்தியா?"

"சொல்லிட்டு வந்துருக்கேன்க்கா."

"சொன்னது இருக்கட்டும். போயிப் பாரு."

வெளியே வந்து பார்த்தேன். நீள வரி சரியாக இருந்தது. குறுக்கு வரியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மறுமுனையில், கிழக்கே, ஓடைப் பக்கமாக வைத்திருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் கோவணத்தோடும் டவுசரோடும், துண்டால் மானத்தை மறைத்துக்கொண்டு, மூலைக்கு ஒருவராக அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதில் அதை மட்டும் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தார்கள்!

இறங்கி ஓடினேன். பெண்ணின் அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார். "ஆத்தா, நீ வேதத்துப் புள்ள, உனக்குத் தெரியாது. பாத்தா ஆளு படுத்த மாதிரியே இருக்கு. தென்பக்கம் தலைய வச்சுக் கிடத்துறது எதைன்னு ஊருக்கே தெரியும். கல்யாண வேட்டிய அப்படியா விரிப்பாக? அதான் தலைய உதயத்தப் பாத்து மாத்தி வச்சேன். எறங்குற புள்ளைக நல்லா இருக்கணுமில்ல?" என்றார். முகத்தில் அவ்வளவு கனிவு. அந்த அம்மாளை என்னவென்று சொல்வது? பிணத்தின் தலைமாடு மாதிரி இருக்கிறதே என்று பதறி, முன்பின் தெரியாத இரண்டு பேரின் நன்மைக்காக அவர் செய்த காரியம் அது.

விமானி அந்தக் குறியை நம்பிவிட்டார். வண்டி மேற்கே போய்த் திரும்பி, காற்று முதுகில் தள்ள, நேரே ஓடையைப் பார்த்து இறங்க ஆரம்பித்திருந்தது. குறுக்கு வரியைத் திரும்பத் தூக்கி மாற்ற நேரமில்லை. பாதி மாற்றிய குறியைப் பார்த்தால் அவருக்கு எதுவுமே புரியாது. கையை ஆட்டிக் கத்தினால் வரவேற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அப்போதுதான் காற்று என் முந்தானையைத் தோளிலிருந்து பிடுங்கி ஓடைப் பக்கமாகப் படபடவென்று அடித்தது. அக்கா முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! வேட்டிய விட்டுருங்க!"

ஒருவரும் அசையவில்லை. தாய்மாமன் துண்டை இறுக்கிக்கொண்டு, "நல்லாருக்கே கதை! கழட்டுன்ன, கழட்டினோம். உக்காருன்ன, உக்காந்தோம். இப்பப் பொம்பளைக முன்னால எந்திரிங்கிற?" என்று உறுமினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த ஊரில் மானம் போனால் உயிர் போன மாதிரிதான்.

பந்தலிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. "பொம்பளைக எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க!" மணப்பெண். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண். அத்தனை பெண்களும் சொல்லி வைத்தாற்போல முதுகைக் காட்டினார்கள். முதலில் மாப்பிள்ளை எழுந்தார். அவரைப் பார்த்து மாமன். பிறகு எல்லாரும்.

வேட்டிகள் தரையை விட்டுக் கிளம்பின. ஒன்றன்பின் ஒன்றாக, அத்தனையும் ஓடையைப் பார்த்து, உப்பிக்கொண்டு பறந்தன. காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் எழுதிக் காட்ட முடியாது. வண்டி பொட்டலைத் தொடப் போன நேரம் அது. அதன் மூக்கு சட்டென்று நிமிர்ந்தது. எங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு ஏறி, ஓடையைத் தாண்டிப் போனது.

இருக்கிற எண்ணெய் இன்னொரு சுற்றுக்குப் போதுமா? அதுதான் எனக்குப் பயம். அத்தையும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் தன் குலசாமியைக் கூப்பிட்டார், நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டேன். வண்டி கிழக்கே வளைந்து, ஓடைக்கு மேலாகத் தாழ்ந்து, காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. சக்கரம் பட்டது, குதித்தது, கொஞ்ச தூரம் ஓடி நின்றது. விமானி நிறுத்துவதற்கு முன்பே எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. அவ்வளவு எண்ணெய்தான் இருந்தது.

விமானியும், அவரோடு வந்த நர்ஸ் பெண்ணும் இறங்கினார்கள். அத்தை ஓடிப்போய் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்து, "கொச்சிதானே, இந்தா இந்த மலைக்கு அங்கிட்டுத்தான் இருக்கு, மெதுவாப் போயிக்கலாம். மொதல்ல வந்து சாப்பிடு தாயி" என்று பந்தலுக்குக் கூட்டிப்போனார். விஷயம் புரிந்தபின் அந்த அம்மாள் அழுத அழுகையை நான் நிறுத்தப் பட்டபாடு கொஞ்சமில்லை. குறுக்கு வரி ஏன் அந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவரே அதன் மேல் உட்கார்ந்து காவல் காத்திருப்பார். அதனால்தான் சொல்கிறேன், யாரிடமாவது ஒரு வேலையைச் சொன்னால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேட்டுக்கு ஏறிப் போனை எடுத்தேன். "எறங்கிட்டாகக்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

லைனில் கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். "அக்கா?"

"இருக்கேம்மா." வழக்கமான குரல் இல்லை. "அந்த நர்ஸ் புள்ள சாப்பிட்டாளா?"

"பந்தியில உக்கார வச்சிருக்காக. ஏன்க்கா?"

"என் தங்கச்சிம்மா. பஸ்ஸுல போனா ரெண்டு நாளாகும், வண்டியில போ, வெரசாப் போயிரலாம்னு நாந்தான் ஏத்தி விட்டேன்."

அத்தனை நேரமும் ஓடையையும் காற்றையும் குறுக்கு வரியையும் பற்றி அந்தக் குரல் எப்படிப் பேசியது என்று நினைத்துப் பார்த்தேன். "மொதல்லயே ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"சொன்னா உனக்கும் கை நடுங்கும். ஒரு லைன்ல ஒரு ஆளு நடுங்கினாப் போதும்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன். இலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைக் கையில் சோற்றோடேயே இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் இடக்கையால் ரிசீவரைப் பிடித்து, "அக்கா" என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கீழே தாய்மாமனும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே கருவேல முள்ளிலிருந்து வேட்டிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி கிழிந்துவிட்டன. ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மறுவாரம் வந்து என்னைத்தான் மறுவீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. நான் மதுரைக்கு வேலைக்கு வந்த பிறகு எவ்வளவோ விசாரித்தேன், பெயரே தெரியாமல் யாரைக் கேட்பது? முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கும்பிட வேண்டிய மனுஷி அவர்.

போன வாரம் "நெக்ஸ்ட்" வாங்கிக்கொண்டு போன அந்தப் பெரியவர், வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். முந்தானை தோளில் அசையாமல் கிடந்தது.

"யாருங்க போறாக?" என்று கேட்டேன்.

"எம் மக. மொதத் தடவையாத் தனியாப் போறா" என்றார்.

"இன்னைக்குக் காத்து இல்லைங்க. சொன்ன நேரத்துக்குப் போயிருவா" என்றேன். அப்புறம் என்னையறியாமல் வாயில் வந்தது: "புள்ள சாப்பிட்டாளா?"